கரைப்பறவைகளுக்குக் கடிகாரம் ஓதம்தான்

குளிர்காலத்தில் இரண்டு மூன்று நாள் கடலோரம் போய்வரத் திட்டமிடுகிறவர்கள், அப்படியே வலசைப் பறவைகளையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தால், பெரும்பாலும் காட்டில் பழகிய பழக்கத்தையே கையோடு கொண்டுபோகிறார்கள். இருட்டோடு எழுவது, பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது, விடியும்போது கழிமுகத்தில் ஆஜராவது. சில நாள் இது பலிக்கும். பல நாள் பலிக்காது. எதிரே ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குச் சேறு. அதற்கப்பால் நீர் விளிம்பில், எள்ளை இறைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். ஸ்கோப் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) வைத்துப் பார்த்தாலும் உள்ளானா, உப்புக்கொத்தியா என்று சொல்ல முடியாது. ஒன்பது மணிவரை நின்று பார்த்துவிட்டு, ‘இந்த வருஷம் பறவையே வரவில்லை’ என்று தீர்ப்பு எழுதி அறைக்குத் திரும்புவார்கள். பதினோரு மணிக்கு அதே இடத்தில் சில ஆயிரம் பறவைகள் கரையோரம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பார்க்க ஆள் இருக்காது.

காட்டுப் பறவையின் நாளைச் சூரியன் வகுக்கிறது. சேற்றில் இரைதேடும் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவையின் நாளை வகுப்பது ஓதம், கடல் ஏறுவதும் வற்றுவதும். அதாவது, நிலவு. சேறு திறந்திருக்கும் நேரம்தான் அதற்குச் சாப்பாட்டு நேரம். சேறு நீருக்கடியில் போய்விட்டால் ஓய்வு. அது பகலா, இரவா என்பது இரண்டாம்பட்சம். நள்ளிரவில் கடல் வற்றினால் நள்ளிரவில் மேயும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்க ஆரம்பிக்கும்: எந்த நாளில் போவது, எங்கே நிற்பது, அவை ஏன் அங்கே வந்திருக்கின்றன, நாம் ஏன் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும் என்பது வரை.

ஓதக் கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை எட்டு மணிக்கு ஏற்றம் என்றால் நாளைக் காலை எட்டு ஐம்பதுக்கு. தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி (சரியாகச் சொன்னால் அதற்கு ஓரிரு நாள் கழித்து) ஓதம் வலுவாக இருக்கும்: ஏறும்போது நன்றாக ஏறும், வற்றும்போது வெகுதூரம் உள்வாங்கும். அஷ்டமியை ஒட்டி மந்தமாக இருக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

அதிகம் பேர் கவனிக்காத இன்னொரு ஒழுங்கு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களின் ஏற்றம் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே மணிக்குத்தான் வரும். சில ஊர்க் கரைகளில் அது காலை, மாலை. சில ஊர்களில் நடுப்பகல், நள்ளிரவு. ஆகவே போகிற ஊரின் மீனவர் ஒருவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “அமாவாசையன்றைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு?” ஏழு மணி என்று அவர் சொன்னால், நான்கு நாள் கழித்து அது பத்து இருபதுக்கு வரும் என்று நாமே போட்டுவிடலாம். விடுதி அறையைப் பதிவு செய்வதற்கு முன்பே செய்ய வேண்டிய கணக்கு இது. ஓத அட்டவணைகள் இப்போது கைபேசியிலேயே கிடைக்கின்றன. ஆனால் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசினால் அட்டவணை சொல்வதற்கு முன்பே நீர் ஏறிவிடும் என்பதை அட்டவணை சொல்லாது, மீனவர் சொல்வார்.

நல்ல நாள் எது? ஏற்றம் காலை ஒன்பது மணியிலிருந்து பதினொன்றுக்குள் வருகிற, ஓதம் ஓரளவு வலுவாக உள்ள நாள். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். நீர் மெல்ல மெல்லச் சேற்றை விழுங்கிக்கொண்டு வரும். பறவைகள் அதன் விளிம்போடு பின்வாங்கி நம்மை நோக்கி வரும். நாம் அவற்றைத் தேடிப் போவதில்லை; கடல் அவற்றை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. இங்கிலாந்தின் வாஷ் விரிகுடாவில், ஸ்னெட்டிஷம் என்ற இடத்தில், குளிர்கால வலுவோத நாட்களில் ஆயிரக்கணக்கான நாட் என்ற உள்ளான் வகைப் பறவைகள் இப்படிச் சேற்றிலிருந்து துரத்தப்பட்டு, புகைமண்டலம் போல எழுந்து, கரைக்குப் பின்னாலுள்ள குட்டைகளில் இறங்குவதைப் பார்க்கவே மக்கள் ஓத அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு திரள்கிறார்கள். மந்தமான ஓதத்தன்று போனால் அந்தக் காட்சி இல்லை. சேறு முழுதும் மூழ்காது; பறவைகளும் கிளம்ப வேண்டியதில்லை.

எல்லாக் கரையிலும் ஓதம் இப்படி ஆர்ப்பாட்டமாக இருக்காது. மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் ஏற்றவற்ற வித்தியாசம் சொற்பம். காயல்களிலும் உப்பளங்களிலும் கடலோரச் சதுப்புகளிலும் மழையும் காற்றும்தான் நீர்மட்டத்தை மாற்றும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை மணிக்கு’ அல்ல, ‘எவ்வளவு ஆழம்’. கொசு உள்ளானுக்குக் கணுக்கால் நனைகிற நீர் போதும். அதற்கு மேல் ஆழமானால் அது கிளம்பிவிடும். பவளக்காலி இன்னும் கொஞ்சம் ஆழத்தில் நிற்கும். நெடுங்கால் உள்ளான் தொடையளவு நீரிலும் நிதானமாக நடக்கும். பூநாரைக்கு அதைவிட ஆழம் இருந்தாலும் கவலையில்லை. மழைக்குப் பின் நிரம்பிய காயல் வாரக்கணக்கில் வற்றிக்கொண்டே வரும்போது, ஆழம் குறையக் குறையப் பறவைகளின் சேர்க்கையும் மாறிக்கொண்டே வரும். போன மாதம் வாத்துகள் மிதந்த இடத்தில் இந்த மாதம் உள்ளான்கள் ஓடும். இடத்தின் பெயரைக் கேட்டு மட்டும் போகிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

சேற்றுக்குள் என்ன இருக்கிறது

வெறும் சேறு என்று நமக்குத் தோன்றுவது, பறவைக்குப் பல அடுக்குள்ள களஞ்சியம். மேற்பரப்பில் சிறு நத்தை, நுண்ணிய இறால் வகைகள். விரல்கடை ஆழத்தில் மட்டிகள். அதற்கும் கீழே வளைக்குள் நீண்ட புழுக்கள், நண்டுகள். ஒவ்வொரு பறவையும் எந்த அடுக்கை எட்டும் என்பதை அதன் அலகு சொல்லிவிடும். கீழ்நோக்கி வளைந்த அலகுள்ள கோட்டானின் பெண்ணுக்கு அலகே 15 செ.மீ. வரும், ஆணுக்கு அதைவிடக் குறைவு. பட்டைவால் மூக்கனுக்கு நேரான, நுனி சற்றே மேல்நோக்கிய அலகு. உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு. ஆனால் பெரிய கண்.

இந்தக் கண்ணும் அலகும் மேய்ச்சலின் நடையையே மாற்றுகின்றன. உப்புக்கொத்தியை ஐந்து நிமிடம் விடாமல் பாருங்கள். குடுகுடுவென்று நாலடி ஓடும். சட்டென்று நிற்கும். தலையைச் சற்றே சாய்க்கும். ஒன்றுமில்லை என்றால் இன்னொரு நாலடி. புழு வளையிலிருந்து தலைநீட்டும் அந்தக் கணத்தைக் கண்ணால் பிடிக்கிற வேட்டை அது. பக்கத்திலேயே மேயும் உள்ளான்கள் நிற்பதே இல்லை. தலையைக் குனிந்தபடி, தையல் இயந்திரத்தின் ஊசியைப் போல் சேற்றைக் குத்திக்கொண்டே போகும். அவை பார்ப்பதில்லை, தொட்டறிகின்றன. உப்புக்கொத்திகள் ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு நிற்பதற்கும், உள்ளான்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு மேய்வதற்கும் காரணம் இதுதான்: பக்கத்தில் ஒருவன் தடதடவென்று நடந்தால் கண்ணால் வேட்டையாடுபவனுக்கு இரை வளைக்குள் போய்விடும், தொட்டுத் தேடுபவனுக்கு அவ்வளவு நஷ்டமில்லை.

தொட்டறிதல் என்றால் என்ன என்பதில் ஒரு வியப்பு இருக்கிறது. நெதர்லாந்தின் தியூனிஸ் பியர்ஸ்மாவும் அவருடைய குழுவினரும் சிவப்பு நாட் பறவைகளை வைத்துச் சோதித்து 1998இல் வெளியிட்ட ஆய்வு இது. ஈரமணலில் புதைத்துவைத்த பொருள் இருக்கிறதா, இல்லையா என்று அந்தப் பறவைகள் கண்டுபிடித்துவிட்டன. புதைத்தது உயிருள்ள மட்டியாக இல்லாமல் வெறும் கல்லாக இருந்தாலும்! கல்லுக்கு வாசனையில்லை, அசைவில்லை. பிறகு எப்படி? அலகை மணலில் திரும்பத் திரும்பச் செருகும்போது மணற்துகள்களுக்கிடையே உள்ள நீரில் அழுத்தம் கூடுகிறது. உள்ளே கடினமான பொருள் ஏதாவது இருந்தால் அந்த அழுத்தத்தின் பரவல் மாறுகிறது. அலகின் நுனியில் நுண்குழிகளுக்குள் பொதிந்துள்ள உணர்வணுக்கள் அந்த மாற்றத்தைப் படித்துவிடுகின்றன. அலகு நேரடியாகத் தொடாத பொருளைக்கூட அது அறியும். ஆனால் மணலில் நீர் இருக்க வேண்டும். மேயும் கூட்டம் எப்போதும் நீர் விளிம்பையே ஒட்டி நகர்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

நீண்ட அலகுக்காரர்களுக்கு இன்னொரு வசதி: அலகின் அடிப்பாகத்தை மூடியபடியே நுனியை மட்டும் திறக்க முடியும். சேற்றின் ஆழத்தில் முழு வாயையும் பிளக்க முடியாதல்லவா? கோட்டான் நண்டைப் பிடிக்கும்போது கூர்ந்து பாருங்கள். வெளியே இழுத்ததும் உடனே விழுங்காது. அலகால் பற்றி உதறும்; ஒரு கால் பறக்கும், இன்னொரு கால் பறக்கும். சேறு ஒட்டியிருந்தால் பக்கத்துக் குட்டையில் அலசும். பிறகுதான் தலையை உயர்த்தி ஒரே வாயில் உள்ளே தள்ளும். இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டால் கடற்காகம் சும்மா இருக்குமா? பாதி நேரம் அது வந்து பறித்துக்கொண்டு போய்விடும்.

அலைவிளிம்பில் கால் தெரியாமல் ஓடும் சாண்டர்லிங்கைக் குழந்தைகளே முதலில் காட்டிக்கொடுப்பார்கள். அலை பின்வாங்கும்போது துரத்திக்கொண்டு போய், அலை வரும்போது திரும்பி ஓடிவரும் வெளிறிய சின்னப் பறவை. மற்ற உள்ளான்களுக்குள்ள பின்விரல் அதற்கு இல்லை. கல்திருப்பி உள்ளான் பேருக்கேற்றபடி கல்லையும் கடற்பாசியையும் புரட்டும். எல்லாவற்றையும்விட விசித்திரம், சேற்றின் மேல் வழவழப்பாகப் படர்ந்திருக்கும் நுண்ணுயிர்ப் படலத்தையே நாக்கால் வழித்துத் தின்கிற மேற்கத்திய உள்ளான். கனடாவின் பசிபிக் கரையில் இதை ஆய்வாளர்கள் 2008இல் விவரித்தார்கள். அதன் நாக்கின் நுனியில் தூரிகை போன்ற மயிர்கள் உண்டு. நமக்கு வழுக்கலாகப் படுவது அதற்கு உணவு.

அடையாளம் காண்பது பற்றி ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் இந்தப் பறவைகள் அநேகமாக எல்லாமே மேலே சாம்பல், கீழே வெள்ளை. கையேட்டில் உள்ள செம்பழுப்பு நிறங்களெல்லாம் இனப்பெருக்கக் காலத்துக்கானவை. நிறத்தில் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். அளவு, அலகின் நீளம், கால் நிறம், நடை என்ற வரிசையில் போனால் பாதி வேலை முடிந்துவிடும். பறந்து எழும்போது இறக்கையிலும் வாலடியிலும் தெரியும் வெள்ளைப் பட்டைகள் மீதிப் பாதியை முடித்துவைக்கும்.

இது ஓய்வுக்காலம் அல்ல

நாம் விடுமுறைக்குப் போகிறோம் என்பதால் அவையும் விடுமுறைக்கு வந்திருப்பதாக நினைத்துவிடுகிறோம். குளிருக்குப் பயந்து வெயில் காய வந்த விருந்தாளிகள் என்று செய்தித்தாள்கள் வருஷந்தோறும் எழுதுவதும் இதனால்தான். உண்மையில் பல கரைப்பறவைகள் ஆர்க்டிக் துந்திராவில் தங்குவது ஆண்டுக்கு இரண்டு மாதம் போல. அங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததும் கிளம்பிவிடுகின்றன. மீதிக் காலம் பயணத்திலும் தெற்குக் கரைகளிலும் கழிகிறது. எது அவற்றுக்கு வீடு என்று கேட்டால், வருஷத்தில் அதிக நாள் நிற்கிற இந்தச் சேற்றைத்தான் நான் சொல்வேன். அதிலும் ஒரே பறவை ஆண்டுதோறும் அதே கரையின் அதே துண்டுக்குத் திரும்பிவருவது காலில் வளையமிட்டுப் பல இனங்களில் உறுதிப்பட்ட செய்தி.

இங்கே அவற்றுக்கு இரண்டு பெரிய வேலைகள். ஒன்று, தேய்ந்த இறகுகளை உதிர்த்துப் புதிது வளர்ப்பது. இன்னொன்று, திரும்பிப் போகும் பயணத்துக்கு எரிபொருள் சேர்ப்பது. எரிபொருள் என்றால் கொழுப்பு. அதன் அளவைச் சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும். அலாஸ்காவில் 1987 அக்டோபரில் பட்டைவால் மூக்கன்கள் சில, தெற்கே கிளம்பிய கையோடு ஒரு ராடார் கூண்டில் மோதி இறந்தன. அவற்றை அறுத்துப் பார்த்தபோது உடல் எடையில் சுமார் 55 சதவீதம் கொழுப்பாக இருந்தது. அரைவைப்பை, ஈரல், குடல் எல்லாம் சுருங்கிப் போயிருந்தன. வழியில் எங்கும் சாப்பிடப் போவதில்லை என்றால் செரிமான உறுப்பைச் சுமந்துகொண்டு பறப்பானேன்? கிளம்புவதற்கு முன் அந்த உடல் சாப்பாட்டுக் கருவிகளைக் குறைத்துக்கொண்டு விடுகிறது. போய்ச் சேர்ந்தபின் மறுபடி வளர்த்துக்கொள்கிறது.

அந்தக் கொழுப்பு என்ன செய்யும் என்பதை செயற்கைக்கோள் கருவிகள் காட்டின. 2007இல் ‘இ7’ என்று குறியிட்ட ஒரு பெண் மூக்கன் அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு 11,000 கி.மீ.க்கு மேல், எட்டு நாளில், பசிபிக் பெருங்கடலின் மேல் எங்கும் இறங்காமல் பறந்தது. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு குஞ்சு அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ.; பதினோரு நாள். இந்தப் பறவையால் கடல்நீரில் இறங்கி இளைப்பாற முடியாது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கரைப்பறவைகள் பலவற்றில் பெற்றோர் முன்னதாகவே கிளம்பிவிடும். குஞ்சுகள் பிறகு தனியாக, முன்பின் போகாத வழியில், போய்ச் சேரும்.

எல்லாப் பறவையும் இப்படி ஒரே மூச்சில் பறப்பதில்லை. சைபீரியத் துந்திராவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை, 30 நாடுகளில் நீளும் மத்திய ஆசிய வலசைப் பாதையில் வருகிற கொசு உள்ளானின் எடை முப்பது கிராமுக்குள். அது விட்டு விட்டு, நீர்நிலைக்கு நீர்நிலை தாவித்தான் வர முடியும். மேற்கே, கிழக்கு அட்லாண்டிக் பாதையில் வட ஐரோப்பாவின் வாடன் கடற்சேறு ஒரு பெரிய தங்கல் என்றால், மொரித்தேனியாவின் பாங்க் தார்கன் இன்னொரு தங்கல். சகாரா பாலைவனம் கடலைத் தொடுகிற அந்த இடத்தில் குளிர்காலத்தில் லட்சக்கணக்கான கரைப்பறவைகள் மேய்கின்றன. இந்தப் பாதைகள் வரைபடத்தில் கோடுகளாகத் தெரிந்தாலும் உண்மையில் அவை சங்கிலி. கண்ணி ஒன்று அறுந்தால் இரு பக்கமும் தொங்கும்.

அறுந்துதான் இருக்கிறது. சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடைப்பட்ட மஞ்சள் கடலின் சேற்றுவெளிதான் கிழக்காசிய-ஆஸ்திரேலியப் பாதையின் இடைத்தங்கல். ஐம்பது ஆண்டுகளில் அதில் பாதிக்கும் மேல் போய்விட்டது. தென்கொரியாவின் செமாங்கும் கழிமுகத்தை 33 கி.மீ. நீளக் கடற்சுவர் கட்டி 2006இல் அடைத்தார்கள். அங்கே பெரிய நாட் பறவைகள் பெருங்கூட்டமாக இறங்கும். சுவர் மூடியபின் அவை பக்கத்துக் கழிமுகங்களுக்கு இடம் மாறிக்கொள்ளும் என்று சொல்லப்பட்டது. மாறிக்கொள்ளவில்லை. ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி, ஆஸ்திரேலியாவின் குளிர்தங்கல் கரைகளில் எண்ணிக்கை இறங்கியது. அந்தக் கரைகளில் எவரும் எதையும் மாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சீனா 2018இல் வணிகத்துக்காகக் கடலோரத்தைத் தூர்ப்பதை நிறுத்தியது. அதன் மஞ்சள் கடற்கரைச் சேறுகள் 2019இலும் கொரியாவின் சேற்றுவெளிகள் 2021இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. தாமதம்தான், ஆனாலும் மிச்சமிருப்பது கொஞ்சமல்ல.

வேட்டையும் சதுப்பைத் தூர்ப்பதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒல்லிமூக்குக் கோட்டான் உதாரணம். மொராக்கோவின் மெர்ஜா ஸெர்கா என்ற கடலோரக் காயலில் 1995 பிப்ரவரியில் அதைப் பார்த்ததுதான் ஐயத்துக்கிடமில்லாத கடைசிப் பதிவு. 2025இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அற்றுப்போன இனமாக அறிவித்தது. கரண்டிமூக்கு உள்ளானும் அந்த ஓரத்தில்தான் நிற்கிறது. சுகோட்கா தீபகற்பத்தில் பொரித்து, மியான்மாரின் மொட்டமா வளைகுடா, வங்கதேசக் கரை போன்ற இடங்களில் குளிர்காலம் கழிக்கிற அந்தச் சிறு பறவையில் எஞ்சியிருப்பவை சில நூறுதான்.

எண்ணிக்கை கூடுவதும் குறைவதும் எப்போதும் நம் கரையின் செய்தி என்று எண்ணிவிடவும் கூடாது. வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்வோம். சைபீரியத் துந்திராவில் லெம்மிங் என்னும் எலி போன்ற சிற்றுயிர் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருகும், பிறகு சரியும். பெருகுகிற ஆண்டில் ஆர்க்டிக் நரிகளுக்கு அதுவே போதும். சரிகிற ஆண்டில் நரிகள் முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்னும். அந்தக் குளிர்காலத்தில் தெற்குக் கரைகளுக்கு வருகிற கூட்டத்தில் இளம்பறவைகளே அரிதாக இருக்கும். முதுகிறகுகளின் ஓரம் வெளிறி, செதில் அடுக்கியது போலத் தெரிந்தால் அது இளம்பறவை. பருவத்தின் தொடக்கத்தில் போகிறவர்களுக்கு அந்த அடையாளம் தெளிவாகத் தெரியும். பல ஆயிரம் கி.மீ. வடக்கே சென்ற கோடையில் நரிக்கு என்ன கிடைத்தது என்பதை இங்கே உட்கார்ந்துகொண்டே ஊகிக்கலாம்.

எழுப்பாமல் பார்ப்பது

ஏற்ற நேரத்தில் கரையில் ஒற்றைக்காலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்ததும் சிலருக்குக் கை துறுதுறுக்கும். கைதட்டினால் எல்லாம் ஒரேயடியாக எழும். படம் பிரமாதமாக வரும். அதற்காகவே குழந்தைகளை ஓடவிடுகிறவர்களையும், இப்போது ட்ரோனை ஏவுகிறவர்களையும் பார்க்கலாம். ஓதக் கணக்கு புரிந்தால் இது எவ்வளவு பெரிய திருட்டு என்பதும் புரியும். அவற்றின் மேய்ச்சல் நேரம் கடலால் அளந்து விடப்பட்டது. நீர் வடிய இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. அதுவரை ஒரு வாய்கூட உள்ளே போகாது. அந்த நேரத்தில் எழுப்பிப் பறக்கவிட்டால் எரிவது சேமித்துவைத்த கொழுப்பு. வல்லூறு வந்து எழுப்பினால் அது இயற்கை. அதைச் சமாளிக்கும் கணக்கு அவற்றிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் இருபது முறை எழுப்பப்படுவதற்கான கணக்கு இல்லை.

தூங்கும் பறவை தலையை உயர்த்தினால் முதல் எச்சரிக்கை. கழுத்தை நீட்டி, நம் பக்கமிருந்து இரண்டடி நகர்ந்தால் இரண்டாவது. அங்கேயே நின்றுவிட வேண்டும், அல்லது பின்வாங்க வேண்டும். மூன்றாவது எச்சரிக்கை என்று ஒன்று கிடையாது; பறந்துவிடும். முன்னதாகவே போய் உட்கார்ந்துகொள்வதன் லாபம் இங்கேதான். நாம் ஏற்கெனவே அங்கிருக்கும் பொருளாகிவிட்டால் அவை தாமாகவே நெருங்கி வரும்.

கருவியைப் பொறுத்தவரை 8x42 அல்லது 10x42 பைனாகுலர் போதும். கரைப்பறவைக்கு மட்டும் ஸ்கோப் இருந்தால் பெரிய உதவி. அதைவிட முக்கியம் சூரியன் முதுகுப்பக்கம் இருப்பது. ஈரச்சேறு கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அடிக்கும். எதிர்வெயிலில் எந்த உள்ளானும் கரிக்கோடாகத்தான் தெரியும். நடுப்பகலில் வெப்ப அலை நடுங்க ஆரம்பித்தால் விலையுயர்ந்த கண்ணாடியும் கைவிட்டுவிடும். சேற்றில் இறங்கி நடக்கும் ஆசை வேண்டாம். நீர் எதிரேயிருந்து மட்டும் ஏறுவதில்லை. பின்னாலுள்ள ஓடைகளில் முதலில் நிரம்பி, திரும்பும் வழியை அடைத்துவிடும்.

வாத்துகளையும் ஆலாக்களையும் பற்றி நான் அதிகம் சொல்லவில்லை. அவற்றுக்கு ஓதம் இவ்வளவு கறாரான எஜமான் அல்ல. வற்றம் காலையில் வருகிற நாளில் அவற்றைத் தேடிக் காயல் பக்கம் போகலாம்.

போவதற்கு ஜனவரி நல்ல மாதம். அலைச்சல் ஓய்ந்து பறவைகள் ஒரே இடத்தில் நிலைத்திருப்பது அப்போதுதான் என்பதால், பன்னாட்டு நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் 1967 முதல் ஜனவரியிலேயே நடக்கிறது. அதன் ஆசியப் பகுதி 1987இல் தொடங்கியது. இந்த எண்களுக்குச் சட்ட எடை உண்டு. 1971இல் உருவான ராம்சர் உடன்படிக்கையின்படி, ஒரு நீர்ப்பறவை இனத்தின் மொத்தத் தொகையில் ஒரு சதவீதம் ஓரிடத்துக்கு வழக்கமாக வந்தாலே அந்த இடம் பன்னாட்டு முக்கியத்துவம் பெறத் தகுதியாகிறது. கணக்கெடுப்பில் கலந்துகொள்ள நிபுணராக இருக்க வேண்டியதில்லை. நிபுணர் ஒருவரோடு உட்கார்ந்து குறிப்பெடுக்கத் தெரிந்தால் போதும்.

நிறம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மார்ச், ஏப்ரலில் போகலாம். திரும்பக் கிளம்பும் முன் வளைமூக்கு உள்ளானின் வயிறு செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். மூக்கன் உருண்டு திரண்டு நிற்கும். ஜூனிலும் சில பறவைகள் கரையில் மீந்திருக்கும். அடிபட்டவை, வழிதவறியவை என்று பரிதாபப்பட வேண்டாம். பெரிய இனங்களில் பல தம் முதல் கோடையில் வடக்கே போவதே இல்லை.

எந்த மாதம் போனாலும் கால்களைக் கவனியுங்கள். முழங்காலுக்கு மேலோ கீழோ சிறு பிளாஸ்டிக் கொடி மாட்டியிருக்கலாம். கிழக்காசிய-ஆஸ்திரேலியப் பாதையில் கொடியின் நிறமே ஊர்பேர் சொல்லும்: மஞ்சள் என்றால் வடமேற்கு ஆஸ்திரேலியா, ஆரஞ்சு என்றால் விக்டோரியா, வெள்ளை என்றால் நியூசிலாந்து. இரண்டு கொடிகள் இருந்தால் மேலே எது, கீழே எது, எந்தக் காலில் என்பதை அந்த இடத்திலேயே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அறைக்குப் போய் எழுதலாம் என்றால் இடதும் வலதும் மாறிவிடும். எழுத்தோ எண்ணோ பொறித்திருந்தால் ஸ்கோப்பின் கண்ணில் கைபேசியை வைத்தே படமெடுக்கலாம். தேதி, இடம், ஓத நிலை ஆகியவற்றோடு அந்தப் பாதைக்குரிய வளையமிடும் குழுவுக்கு அனுப்பினால், அந்தப் பறவையை எங்கே, எந்த நாளில் பிடித்து விட்டார்கள், இடையில் யார் யார் கண்டார்கள் என்ற விவரம் பதிலாக வரும்.